டின்னுக்குள் வளர்ந்த சட்டை

மூட்டுக்குத் தைலம் தேய்த்தபடி இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மெர்டேக்கா என்று நம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டின் கடைசி மாதங்களில் மலாக்காவில் பெய்த மழை உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? கொடியேற்றத்தைச் சொல்வீர்கள், ஊர்வலத்தைச் சொல்வீர்கள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிட்டாயைக்கூட மறக்காமல் சொல்வீர்கள். மழையை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த ஆண்டு என்றாலே மழைதான். காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டின் தகரக் கூரையில் மத்தியானம் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை கொட்டும். கொஞ்சம் ஓய்கிற சமயங்களில் வீட்டுக்குள் இன்னொரு சத்தம் கேட்கும். டிக், டிக், டிக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டிக், டிக்.

“பல்லிடி” என்பார் பெரியம்மா.

பெரியம்மா, அப்பாவின் அண்ணி. பெரியப்பா ஜப்பான்காரன் காலத்துச் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர். அதற்கு முன்பே தாய் தகப்பன் இல்லாமல் நின்ற அப்பாவை வளர்த்து ஆளாக்கியது பெரியம்மாதான். அதனால் ரப்பர் ஆலை லோரியை ஜொகூர்வரை ஓட்டிப் போய் வருகிற அப்பா, வீட்டுக்குள் பெரியம்மா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். பெரியம்மாவிடம் பக்கங்கள் பழுத்துப்போன ஒரு பஞ்சாங்கம் இருந்தது. எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று அதில் பார்ப்பார். அந்த மழை மாதங்களில் பல்லி ஓயாமல் ஒரே திசையில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் திசையில்தான் அம்மா படுத்திருந்த அறை. பெரியம்மாவின் முகம் நாளுக்கு நாள் இருண்டது.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பொங்கலை ஒட்டிப் பிறக்கும் என்று கணக்கு. எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை வந்து தங்காமல் போயிருந்தது. மாதம் நிறையாமல் வந்த ஆண் பிள்ளை. ஒரு பகல் முழுக்கக்கூட இருக்கவில்லை. அப்பாவின் கிழிந்த வேட்டியில் சுற்றிக் கொண்டுபோனார்கள் என்பதும், அன்று எனக்குச் சோறு போட எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்பதும் மட்டும் எனக்கு நினைவில் இருந்தது. பெயர் வைக்காத பிள்ளை, பல் முளைக்காத பிள்ளை. அதற்குச் சடங்கும் இல்லை, படையலும் இல்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள்.

அதனால் இந்த முறை கட்டுப்பாடு இரண்டு மடங்கு. பிள்ளை பிறக்கும்முன் அதற்கென்று ஒரு முழத் துணி வீட்டுக்குள் வரக் கூடாது. தொட்டில் கயிறு வாங்கக் கூடாது. ஊசி நூல் அம்மாவின் பக்கம் போகவே கூடாது. பிறந்ததும் சுற்ற அப்பாவின் பழைய வேட்டிகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. புதுத்துணியெல்லாம் தீட்டுக் கழிந்து சாமி கும்பிட்ட பிறகுதான். இது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் அது பயமாகவே மாறியிருந்தது.

அந்த வீட்டுக்குள்தான் சின்னம்மா ஒரு டின் நிறையக் கம்பளி நூலோடு வந்து சேர்ந்தாள்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. ஜப்பான்காரன் காலத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, அக்காளும் தங்கையும் மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவர்கள். அம்மாவை அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்தார் அப்பா. சின்னம்மாவுக்குக் கல்யாணம் அமையவில்லை. ஒரு துரைசாணி வீட்டில் ஆயாவாக இருந்தாள். மெர்டேக்கா வந்ததும் துரை குடும்பம் கப்பலேறிவிட்டது. போகும்போது துரைசாணி பெட்டியில் இடமில்லாத சாமான்களையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாளாம். சமையற்காரருக்கு ஒரு விளக்கு, தோட்டக்காரருக்கு நாற்காலி, சின்னம்மாவுக்கு இந்த டின். பெரிய பிஸ்கட் டின், மூடியில் பனி மூடிய ஒரு வீட்டின் படம். திறந்தால் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறும். உள்ளே பாலாடை நிறத்தில் உருண்டை உருண்டையாக நூல்.

நான் அப்படி ஒரு மென்மையை அதற்கு முன்னால் தொட்டதில்லை. கன்னத்தில் வைத்தால் வைத்ததே தெரியாது. எடுத்த பிறகு கன்னம் மட்டும் கதகதவென்று இருக்கும். குளிர்மலையில் மேய்கிற ஆட்டின் கழுத்தடியில் சீப்பால் வாரியெடுத்த ரோமம் என்று துரைசாணி சொன்னாளாம். பிறந்த பிள்ளை உடம்புக்கு அதைத் தவிர எதுவும் ஆகாதாம். நம் ஊர் வெக்கையில் பிள்ளைக்குக் கம்பளி எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சீனக் கடைக்காரர்கள் வீட்டில் பிள்ளைக்கு முழு மாதம் கொண்டாடுவார்களே, அந்த விருந்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி குல்லாவும் சட்டையும் காலுறையும் போட்டுப் படம் பிடிப்பது அப்போது பெரிய நாகரிகம். தங்கக்கடை முதலாளியான தவ்கேயின் மருமகள் சின்னம்மாவிடம் ஒரு ஜோடி கேட்டிருந்தாள். பிறந்துவிட்ட பிள்ளைக்குத்தானே, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தானே என்று பெரியம்மா வேண்டாவெறுப்பாகச் சரி சொன்னார். டின் மட்டும் அம்மாவின் அறைக்குள் போகக் கூடாது. நடு அறை அலமாரிமேல்தான் இருக்க வேண்டும்.

காலையில் சன்னலோரம் உட்கார்ந்து சின்னம்மா பின்னுவாள். வேர்வை பட்டால் நூல் மஞ்சளித்துவிடும் என்று உள்ளங்கையில் பவுடர் தட்டிக்கொள்வாள். அவள் கண்ணிகள் தளர்ச்சியாக, ஊதினால் அசையும்படி இருக்கும். மத்தியானத்தில் தவ்கே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, மழை விட்ட பிறகு வருவாள். பெரியம்மா பஞ்சாங்கத்தை எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

“பல்லி ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லி, கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம் துள்ளி.”

“ஏய், வாயைக் கழுவு. வயித்துப் புள்ளைக்காரி இருக்கிற வீடு” என்பார் பெரியம்மா.

ஒரு காலையில் சின்னம்மா டின்னைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தவ்கே வீட்டுச் சட்டைக்கு அடியில் வேறு ஒன்று கிடந்தது. ஒரு ஜோடி பழைய இரும்பு ஊசியில் கண்ணி ஏற்றி, நாலைந்து வரிசை பின்னிய சின்ன விளிம்பு. சின்னம்மாவின் ஊசிகளோ யானைத் தந்தம் மாதிரி வெளுத்தவை, துரைசாணி கொடுத்தவை.

“நீ தொட்டியாடி?”

இல்லையென்றேன். எனக்குப் பின்னவே தெரியாது. அவள் அதை எடுத்த மாதிரியே வைத்து மூடினாள். சில நாள் கழித்துத் திறந்தபோது அந்த விளிம்புக்கு மேல் ஒரு முதுகு வளர்ந்திருந்தது. இந்த முறை சின்னம்மா அதை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணிகளை விரலால் தடவிப் பார்த்தாள். ஊசி முனைகூட நுழையாத இறுக்கம். அவள் முகம் சிரிக்கிற மாதிரியும் இருந்தது, அழப்போகிற மாதிரியும் இருந்தது.

“சின்னம்மா, யாரு இது?”

“யாரோ. நீ யாருகிட்டயும் சொல்லாத.”

பிறகு புது உருண்டை ஒன்றை எடுத்து அந்தச் சின்னச் சட்டையின் பக்கத்தில் வைத்தாள், வீட்டுக்கு வருகிற யாருக்கோ தண்ணீர் எடுத்து வைப்பது மாதிரி. அடுத்த முறை திறந்தபோது அந்த உருண்டை பாதியாக இருந்தது.

அதன்பின் எனக்கு அந்த அலமாரியைக் கடந்து போகவே பயம். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. பயந்த இடத்துக்குத்தானே பிள்ளைகளின் கால் போகும்? ஒரு மத்தியானம், சின்னம்மா வெளியே போயிருந்தாள். பெரியம்மா பின்கட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. பல்லி வெகுநேரம் சொல்லிவிட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் டின் மூடி அழுந்துகிற ஓசை கேட்டது. நான் முன்வாசலிலிருந்து ஓடிவந்தேன். நடு அறையில் யாரும் இல்லை. அம்மாவின் அறைத் திரை லேசாக ஆடியது, காற்றுக்கு எப்போதும் ஆடுகிற மாதிரிதான். முக்காலியில் ஏறி மூடியைத் திறந்தேன். சட்டைக்கு ஒரு கை வந்திருந்தது. தொட்டேன். அது சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ போட்டுக் கழற்றிய துணிபோல உடம்புச் சூடு. நான் முக்காலியோடு கீழே விழுந்தேன். சத்தம் கேட்டு எழுந்த பெரியம்மா முதுகில் ஒன்று வைத்தார். எதற்காக ஏறினேன் என்று நான் சொல்லவில்லை.

ஒளித்து வைத்த பூனைக்குட்டி எத்தனை நாள் கத்தாமல் இருக்கும்? மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள், துணிப்பெட்டியில் பூச்சி வந்துவிட்டதென்று அந்துருண்டை தேடிப் பெரியம்மா டின்னைத் திறந்தார். தவ்கே வீட்டு உருப்படிகள் எப்போதோ கொடுத்தாகிவிட்டன. உள்ளே அந்த ஒன்றுதான் இருந்தது. கழுத்துக்கு நாடா கோத்து, ஒரு கை முடிந்து, மறு கைக்கு இடம் மட்டும் விட்டிருந்த சட்டை.

பெரியம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன.

“அடி பாவி! பொறக்காத புள்ளைக்குச் சட்டையா? எமனுக்கு அளவு எடுத்துக் குடுக்கிறியாடி?”

அப்பா லோரியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். சின்னம்மா சுவரோரம் நின்றாள். அம்மா தன் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா அந்தச் சட்டையைக் கையால் தொடாமல் குடைக் கம்பியால் தூக்கிப் பாயில் போட்டு, பீடானைக் கூட்டி வரச் சொன்னார்.

பீடான் என்றால் மருத்துவச்சி. எங்கள் தெருவுக்குப் பின்னால் மலாக்கா செட்டிகள் குடியிருப்பில் இருந்தார். கெபாயா ரவிக்கையும் சாரோங் கைலியும், நெற்றியில் திருநீறும். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவை. நானும் விழுந்திருக்கிறேன், தங்காமல் போன அவனும் விழுந்திருக்கிறான்.

பீடான் குந்தி உட்கார்ந்து, சட்டையை எடுத்துத் தன் முழங்கை மடிப்பில் ஒரு பிள்ளையைக் கிடத்துவது மாதிரி கிடத்தினார். மாதம் நிறைந்த எந்தப் பிள்ளைக்கும் அது போதாது. அவ்வளவு சின்னது. அவர் கை தானாகவே அதை ஒரு முறை தட்டிக்கொடுத்தது. பிறகு நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நி பாஜு புடாக் டுலு பூஞா.”

இது முந்தி வந்த பிள்ளையின் சட்டை. தெருவில் கற்ற என் மலாய்க்கே அது புரிந்தது. அப்பா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வேட்டியில் சுற்றி அவனைத் தூக்கிப்போன கைகள் அவருடையவை. அந்த அளவு அவருக்கும் தெரிந்திருக்கும்.

பெரியம்மாவின் கணக்கு உடனே முடிந்துவிட்டது. போன பிள்ளை திரும்பி வந்து டின்னுக்குள் குடியிருக்கிறது, கல்யாணம் காணாத இவள் பொறாமையில் அதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறாள், அது தனக்குத் துணை தேடுகிறது, பல்லி இத்தனை நாள் சொன்னது இதைத்தான். கேட்கக் கேட்க எனக்கே எல்லாம் பொருந்தி வந்தது. பல்லி சொன்ன நேரத்தில் ஒரு நாளாவது சின்னம்மா வீட்டில் இருந்ததுண்டா என்று யாரும் யோசிக்கவில்லை.

“யாரு பின்னினது? நீயா?” என்று கேட்டார் அப்பா. கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் இருந்தது.

சின்னம்மா அக்காளை ஒரு முறை பார்த்தாள். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“நான்தான் மாமா பின்னினேன். வேற யாரு இருக்கா இங்க?”

மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு ஆயா தேவை என்று தவ்கே வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்களாம். அப்பா லோரியில் ஏற்றிப்போய்ப் பஸ் நிலையத்தில் விட்டார். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. லோரி திரும்புகிற முக்குவரை நான் ஓடினேன். சின்னம்மா கை காட்டினாள், பவுடர் பூசாத வெறுங்கை. இப்போதும் அந்த முக்கில் கார் திரும்பினால் நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

சட்டையை எரித்துவிடச் சொல்லிப் பீடானிடம் கொடுத்தார்கள். பல்லியும் அன்றோடு நின்றுவிட்டது. “பாத்தியா?” என்றார் பெரியம்மா.

போகிக்குச் செட்டிகள் வீட்டில் பார்ச்சு போடுவார்கள். இறந்துபோனவர்களை வீட்டுக்கு அழைத்து இலை போட்டுப் பரிமாறுவது. அம்மா ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் பூவும் கொடுத்து, பீடான் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். நான் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் வரிசையாக வாழையிலை, சோறு, கறி, பலகாரம், மடித்த புதுத்துணி. சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. வரிசைக்கு வெளியே, மூலையில், கையகல இலை ஒன்று. அதில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பால். பக்கத்தில், நாடாவை முடிச்சுப் போட்டு விரித்த அந்தச் சட்டை. இரண்டு கையும் இருந்தன.

பீடான் நான் கொண்டுவந்த பூவில் ஒன்றைக் கிள்ளி அந்தச் சின்ன இலையில் வைத்தார். பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். மூலைக்கு வந்ததும் அழைக்கப் பெயர் இல்லை. “ஆடேக், மாரி” என்றார். தம்பி, வா. அவர்கள் வழக்கத்திலும் பச்சைப்பிள்ளைக்கு இலை உண்டா, எனக்குத் தெரியாது. தன் கையில் ஏந்தியவன் என்று அவராகவே போட்டிருக்கலாம்.

பிறகு பூனையைத் துரத்தி, சன்னலடைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றோம். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா? உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மட்டும் ஒரு முறை, பிள்ளை பால் குடிக்கும்போது தொண்டையில் வருமே, அந்த ஒலி கேட்ட மாதிரி இருந்தது. பீடானின் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். பெரிய இலைகள் வைத்தது வைத்தபடி. மூலைக் கிண்ணத்தில் பால் குறைந்திருந்தது. சட்டையின் கழுத்தருகே ஈரம். பிள்ளை கக்கினால் நனைகிற இடம். நாடா முடிச்சு அவிழ்ந்திருந்தது. எலி என்று சொல்லுங்கள், பல்லி என்றுகூடச் சொல்லுங்கள். நானும் பகலில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பீடான் பதறவே இல்லை. என் தலையில் கை வைத்து, “பிலாங் அமா, டியா சூடா மாக்கான்” என்றார். அம்மாவிடம் சொல், அவன் சாப்பிட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். யார் சாப்பிட்டது என்று அம்மா கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் பயந்து பக்கத்தில் போனேன்.

“அவன் கந்தைத் துணியில போனான்டி. ஒரு புதுச்சட்டைகூடப் போட்டுக்கல” என்றாள்.

தலையணைக்கடியில் மடத்துப் பள்ளிக் காலத்து இரும்பு ஊசிகள் இருந்தன. மத்தியானப் பல்லி எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறு கையையும் இரவில் சத்தம் கேட்காமல் முடித்து, யார் கண்ணிலும் படாமல் எப்படி அனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் பீடான் அடிக்கடி வந்து போனார், அவர் கூடைக்குள் யார் பார்த்தார்கள்? வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு இறந்ததற்குச் சட்டை பின்னினாள் என்று தெரிந்தால் அவளைச் சும்மா விட்டிருப்பார்களா? சின்னம்மாவுக்கு அக்காளின் இறுக்கமான கண்ணி பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. சிறுவயதில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பின்னியவர்கள்.

பொங்கல் கழிந்து தம்பி பிறந்தான். கொழுகொழுவென்று, தெருக்கோடிவரை கேட்கும் அழுகையோடு. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றினார்கள். சின்னம்மாவை இனிக் கூப்பிட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். பிள்ளைப் புத்தி அவ்வளவுதான். தம்பி தவழ்ந்தபோது, நடந்தபோது, பள்ளிக்கூடம் போனபோது, ஒவ்வொரு முறையும் பெரியம்மா தவறாமல் சொல்வார், “அந்தப் பாதகத்திய அனுப்பினோம், இவன் தங்கினான்.” அப்பாவும் தலையாட்டுவார். சின்னம்மா ஒரு தீபாவளிக்காவது வருவாள் என்று வெகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. துரை குடும்பத்தோடு கப்பலேறிவிட்டாள் என்றார்கள், பிறகு அதுவும் நிச்சயமில்லை என்றார்கள்.

தம்பியின் கல்யாணம் புக்கிட் பாருவில் புது வீடு கட்டிய பிறகு நடந்தது. பெரியம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இனி யாருக்குப் பயம்? முகூர்த்தம் முடிந்து பந்தல் கலகலத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“உன் தங்கச்சிம்மா. ஒரு தடவ உண்மையச் சொல்லிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

அம்மா மணவறையில் சிரித்துக்கொண்டிருந்த தம்பியையே பார்த்தாள்.

“எப்படிக் கூப்பிடுறது?” என்றாள். “இவனும் போயிருந்தா, அவளால ஒண்ணும் இல்லன்னு எல்லாரு மூஞ்சிக்கும் நேரா சொல்லிட்டு நானே போயிக் கூட்டிட்டு வந்திருப்பேன். அவ போனதும் இவன் தங்கிட்டானே.”